சோளனுக்கு எத்தனை கிலோ நைட்ரஜன்?

இந்த வார எபிசோட்டில ஏ/பி டெஸ்டிங் பற்றிக் கதைச்சோம். ஒரு பட்டனைப் பாதிப் பேருக்குப் பச்சையாகவும் மீதிப் பேருக்கு நீலமாகவும் காட்டி, எதைக் கூடப் பேர் அழுத்துகினம் எண்டு பார்க்கிற வேலை. அதுக்குப் பின்னால இருக்கிற கணக்கு எங்க பிறந்தது எண்டு சொல்ல நேரம் காணேல்ல. அது சிலிக்கன் வலியில் பிறக்கவில்லை. லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்ற ஊரில், பசளை போட்ட ஒரு கோதுமை வயலில் பிறந்தது. சென்ட் பாங்க்ராஸில தேம்ஸ்லிங்க் ஏறினா அரை மணித்தியாலம் அளவுதான்.

அந்த வயலில் கேட்ட கேள்வி இதுதான்: நைட்ரஜனை எவ்வளவு கூட்டினால் விளைச்சல் எவ்வளவு கூடும்? இந்தக் கேள்விக்கு இடமே வைக்காமல் 2021இல் இலங்கையில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. அதின்ர விலையைக் கட்டினது எங்கட மாமாமாரும் சித்தப்பாமாரும். அந்த வருசத்தில இருந்து எங்கட வீடுகளில ஒரு வாக்குவாதம் ஓடுது: "இரசாயனம் நஞ்சு" ஒரு பக்கம், "யூரியா இல்லாமல் ஒண்டும் விளையாது" மற்றப் பக்கம். இரண்டு பக்கமும் விட்டுவிட்ட நடுக் கதையைத்தான் இந்த மடலில் சொல்லப் போறன்.

நான் விவசாயி இல்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ் படிச்சு, கொன்ட்ராக்டில டேட்டா பைப்லைன் கட்டுறவன். ஆனா என்ர மாமா ஒருவர் வவுனியாப் பக்கம் சோளன் போடுறவர். சோளன் எண்டா மக்காச்சோளம், டெஸ்கோவில ஸ்வீட்கோர்ன் எண்டு விக்கிறதின்ர சொந்தக்காரன். வவுனியா, அனுராதபுரம், அம்பாறை, மொனராகலைப் பக்கங்களில் போடுவது பெரும்பாலும் கோழித்தீனுக்காக.

செடிக்குள்ள என்ன நடக்குது

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் (அம்மா படிச்ச புத்தகத்தில அது நைதரசன்). சோளன் அந்தக் காற்றுக்குள்ளயே நிண்டு பட்டினி கிடக்கும். காற்றில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகப் பிடித்துக்கொண்டு இருக்கின்றன. அதைச் செடியால் உடைக்க முடியாது. பயறு, உழுந்து, கௌப்பி மாதிரிச் செடிகளுக்கு வேரில் பக்டீரியா குடியிருந்து அந்த வேலையைச் செய்து கொடுக்கும். சோளனுக்கு அந்த வசதி இல்லை. வேரால் மண்ணில் இருந்து எடுத்தால்தான் உண்டு.

எடுத்த நைட்ரஜன் இலையின் பச்சையத்துக்கும் புரதத்துக்கும் போகும். பச்சையம் குறைந்தால் வெயிலைச் சாப்பாடாக மாற்றும் வேலை குறையும். தட்டுப்பாடு வந்தால் அடையாளம் முதலில் கீழ் இலைகளில் தெரியும்: நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியே ஒரு கூர் முக்கோணமாக மஞ்சள் உள்ளே வரும். செடி பழைய இலைகளில் இருந்து நைட்ரஜனை உருவி மேலே இருக்கிற புது இலைகளுக்கு அனுப்புவதுதான் காரணம். வீட்டில சாப்பாடு காணாட்டி பெரியாக்கள் தாங்கள் குறைச்சுப் பிள்ளையளுக்குக் குடுக்கிறது மாதிரி.

எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் முக்கியம். முளைத்து முதல் சில வாரங்கள் சோளனுக்குத் தேவை கொஞ்சம்தான். ஆறு இலை வந்த பிறகு பசி திடீரென்று ஏறும். ஒரு பொத்தியில் எத்தனை வரிசை மணி வரும் என்பது ஏறத்தாழ அந்த நேரத்தில் முடிவாகிவிடும். ஒரு வரிசையில் எத்தனை மணி என்பது அதற்குப் பிறகு, பூக்கும் வரைக்கும் முடிவாகும். பொத்தியின் நுனியால் வருகிற பட்டு நூல்களைப் பார்த்திருப்பீங்கள். ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்குச் சொந்தம். நைட்ரஜன் காணாத செடியில் அந்த நூல்கள் பிந்தி வெளியே வரும்; அதற்குள் மேலே ஆண் பூ மகரந்தத்தைக் கொட்டி முடித்திருக்கும். மகரந்தம் படாத நூலுக்கு மணி இல்லை. மணி பிடித்ததிலும் நுனிப் பக்கத்து மணிகள் சாப்பாடு காணாமல் பாதியில் நின்றுவிடும். பொத்தி நுனியில் மொட்டையாக நிற்கும்.

பூத்து முடிந்த பிறகு ஒரு மூடை யூரியாவைக் கொட்டினாலும் போன வரிசை திரும்பி வராது. பிந்திக் கிடைக்கிற பசளையால் இருக்கிற மணியைக் கொஞ்சம் நிரப்பலாம். இல்லாத மணியை உண்டாக்க முடியாது. இந்த வசனத்தை ஞாபகத்தில வைச்சிருங்கோ. 2021 நவம்பருக்கு வரேக்க தேவைப்படும்.

டெப்ட்ஃபோர்டில இருந்து ஹார்ப்பெண்டனுக்கு

லூயிஷம் சிவன் கோயிலுக்குப் போறவைக்கு டெப்ட்ஃபோர்ட் தெரியும். 1840களில் அந்த டெப்ட்ஃபோர்ட் கிரீக் ஓரத்தில் ஜோன் பெனட் லோஸ் என்ற நிலச்சுவாந்தர் சூப்பர் பொஸ்பேற் பசளைத் தொழிற்சாலை நடத்தினார். தன்னுடைய ரோதம்ஸ்ரெட் பண்ணையில், ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற இரசாயனவியலாளரோடு சேர்ந்து, 1843இல் ப்ரோட்பாக் என்ற வயலில் ஒரு பரிசோதனை தொடங்கினார். வயலை நீளக் கீற்றுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் வேறு வேறு பசளை. ஒன்றில் ஒன்றும் இல்லை. அந்தப் பரிசோதனை இன்றைக்கும் நடக்குது. எங்கட துறையில அஞ்சு வருசம் ஓடின சேர்வரையே பழசு எண்டு சொல்லுவம்.

அந்தக் காலத்தில் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானியின் பேச்சுக்குப் பெரிய மதிப்பு. நைட்ரஜன் காற்றில் இருந்தும் மழையில் இருந்தும் பயிருக்குத் தானாக வந்து சேரும், நிலத்துக்கு மற்ற தாதுக்களைக் கொடுத்தால் போதும் என்று அவர் வாதாடினார். ப்ரோட்பாக் வயல் அதற்கு எதிராகப் பதில் சொன்னது. தாது மட்டும் போட்ட கீற்று எழும்பவில்லை. நைட்ரஜனும் சேர்த்த கீற்று எழும்பியது.

இன்றைக்கு அங்கே நைட்ரஜன் அளவுகள் படிப்படியாக இருக்கின்றன: ஹெக்டேயருக்கு 0, 48, 96, 144, 192, 240, 288 கிலோ. ஒன்றும் போடாத கீற்று நூறு வருசத்துக்கு மேலாக ஹெக்டேயருக்குச் சுமார் ஒரு தொன் கோதுமைதான் கொடுத்து வருகிறது. முதல் 48 கிலோ விளைச்சலைத் தூக்கி விடும். அடுத்த 48 அதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தூக்கும். பிறகு வளைகோடு சாயத் தொடங்கி, கடைசியில் தட்டையாகும்.

அது கோதுமை. ஆனா சோளனுக்கும் வளைகோட்டின் வடிவம் இதேதான். அளவுகள் மட்டும் மண்ணுக்கும் மழைக்கும் விதைக்கும் ஏற்ப மாறும். ஒரு கமக்காரனுக்குத் தேவை வளைகோட்டின் உச்சி அல்ல. கடைசியாகப் போடுகிற ஒரு கிலோ நைட்ரஜனின் விலையும், அந்தக் கிலோ கொண்டுவருகிற தானியத்தின் விலையும் சமமாகிற இடம். அது எப்பவும் உச்சிக்கு முன்னுக்கு இருக்கும். பசளை மலிந்தால் அந்த இடம் வலப்பக்கம் நகரும், விலை ஏறினால் இடப்பக்கம் நகரும். ஒரு நாளும் பூச்சியத்தில் போய் நிற்காது.

இதே வயலில் இன்னொரு கீற்றும் இருக்கிறது. 1843இல் இருந்து அதற்கு மாட்டெரு மட்டும். விளைச்சல், நல்லாய் இரசாயனப் பசளை போட்ட கீற்றுகளுக்குக் கிட்டத்தட்டச் சமம். மண்ணில் சேர்ந்திருக்கிற கரிமச் சத்தோ மற்றக் கீற்றுகளைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே சேதனப் பசளையால விளையாது எண்டு சொல்லுறவைக்கு இது பதில். ஆனா அந்தக் கீற்றுக்குப் போடுகிற எரு, ஹெக்டேயருக்கு 35 தொன். ஒவ்வொரு வருசமும். அதில் சுமார் 240 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. மாட்டெருவும் நைட்ரஜன் கணக்கால்தான் வேலை செய்கிறது, மந்திரத்தால் அல்ல.

1919இல் ரோதம்ஸ்ரெட் ஒரு இளம் கணிதக்காரரை வேலைக்கு எடுத்தது, சேர்ந்து கிடக்கிற எழுபத்தைந்து வருசத் தரவில் ஏதாவது தேறுமா என்று பார்க்க. அவர்தான் ரொனால்ட் ஃபிஷர். பசளையால் வந்த வித்தியாசம் எது, மழையாலும் மண்ணாலும் வந்தது எது என்று பிரிக்கப்போய் அவர் எழுதியதுதான் இன்றைய பரிசோதனைக் கணக்கின் அத்திவாரம்: கீற்றுகளைக் குலுக்கிப் போட்டுத் தெரிவு செய், ஒன்றையே பல இடத்தில் திரும்பச் செய், பிறகு ஒப்பிடு. 1954இல் அதே ரோதம்ஸ்ரெட்டுக்கு எலியட் 401 என்ற கம்ப்யூட்டர் வந்தது, இந்த வயல் கணக்குகளைப் போட. நாங்கள் ஒரு பட்டன் நிறத்துக்குப் பாவிக்கிற கணக்கு, முதல்ல பசளைக்குப் பாவிச்சது.

2021: வளைகோட்டில் இடது ஓரத்துக்கு

2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச சொன்னது, பத்து வருசத்தில் இலங்கையை முழுமையாகச் சேதனப் பசளைக்கு மாற்றுவது. பத்து வருசம் என்பது யோசிக்கக்கூடிய காலம். ஆனால் 2021 மே 6 வர்த்தமானியோடு இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாக நின்றது. டொலர் தட்டுப்பாடு அப்போதே தொடங்கியிருந்தது.

அதே வருசம் செப்டெம்பரில் இஞ்ச என்ன நடந்தது எண்டு ஞாபகம் இருக்கா? எரிவாயு விலை ஏறி, பில்லிங்ஹாமிலும் இன்ஸிலும் இருந்த பசளைத் தொழிற்சாலைகள் நிறுத்தப்பட்டன. இறைச்சிக்கும் குளிர்பானத்துக்கும் தேவையான காபனீரொட்சைட் இல்லை என்று சுப்பர்மார்க்கெட்டுகள் பதறின. அந்த வாயு பசளை செய்யும்போது பக்கத்தில் வருகிற பொருள். காற்றின் நைட்ரஜனை ஹாபர்-பொஷ் முறையில், பெரும்பாலும் எரிவாயுவைக் கொண்டு, உடைத்துத்தான் யூரியா செய்கிறார்கள். உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு அதில் தங்கியிருக்கிறது. பிரித்தானிய அரசு காசு கொடுத்து பில்லிங்ஹாமை மறுபடி ஓட வைத்தது. இலங்கைக் கமக்காரனுக்கு அப்பிடி ஒரு ஆள் இல்லை.

வவுனியாப் பக்கம் சோளனின் பெரிய காலம் பெரும்போகம். ஒக்டோபர் மழையோடு விதைப்பார்கள். ஆறு இலைப் பருவம் நவம்பரில் வரும், பூ டிசம்பரில் வரும். தடை நீக்கப்பட்டது 2021 நவம்பர் 24. அதற்குப் பிறகும் கப்பல் வர வேண்டும், டொலர் வேண்டும், உலகச் சந்தையில் ஏறின விலையைக் கட்ட வேண்டும். பசளை வயலுக்கு வரேக்க பொத்தியில் வரிசை எண்ணி முடிஞ்சுது. மாமா போனில சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, பயிர் நிக்குது, பச்சை இல்லை." அந்தப் போகம் அவர் வழமையாக எடுக்கிறதில் அரைவாசிதான் எடுத்தார்.

நாடு முழுக்கவும் அதுதான் நிலைமை. ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பும் உலக உணவுத் திட்டமும் 2022இல் செய்த மதிப்பீட்டில், நெல் உற்பத்தி சுமார் 30 இலட்சம் தொன், 2017 வறட்சிக்குப் பிறகு மிகக் குறைவு. சோளன் ஐந்து வருசச் சராசரியைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கீழே. சோளன் இல்லாட்டி கோழித்தீன் இல்லை. தீனை இறக்குமதி செய்ய டொலரும் இல்லை. முட்டை விலை ஏறி, 2023இல் இலங்கை இந்தியாவில் இருந்து முட்டை இறக்கியது. அம்மம்மா முட்டை விலை சொல்லிப் புறுபுறுத்ததுக்கும், ஒரு செடி பூக்கிற வாரத்தில நைட்ரஜன் காணாமல் நிண்டதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு.

ஒரு கல்குலேட்டர் போதும்

தடையின்போது இரண்டு மாற்று வழிகள் சொன்னார்கள். இரண்டையும் போனில் இருக்கிற கல்குலேட்டரால் சரிபார்க்கலாம்.

முதலாவது கூட்டெரு. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 50 கிலோ மூடையில் 23 கிலோ. கணக்குக்கு ஹெக்டேயருக்கு 100 கிலோ என்று எடுப்பம்: நாலரை மூடை போதும், ஒரு லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி வரலாம். ஒரு சதவீதம் நைட்ரஜன் இருக்கிற கூட்டெருவில் அதே 100 கிலோவுக்கு 10 தொன் வேண்டும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான், மிச்சம் மண்ணில் மெல்ல மெல்லத்தான் உடையும். இதை நாட்டின் எல்லா வயலாலும் பெருக்கிப் பாருங்கோ. ஆறு மாதத்தில் அவ்வளவு எரு எங்கே இருந்து வரும்?

இரண்டாவது, 2021 ஒக்டோபரில் இந்தியாவில் இருந்து விமானத்தில் வந்த நானோ நைட்ரஜன் திரவம். இந்தியாவில் இஃப்கோ நிறுவனம் விற்ற நானோ யூரியாவில் 4 சதவீதம் நைட்ரஜன். அரை லீற்றர் போத்தல் ஒரு 45 கிலோ மூடைக்குச் சமம் என்பது அவர்களுடைய கூற்று. மூடையில் 20 கிலோவுக்கு மேல் நைட்ரஜன். போத்தலில் 20 கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு. இலையில் தெளிப்பதால் வீணாவது குறையும் என்பதை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும், ஒரு தொன் சோளன் தானியத்தோடு மட்டும் 12 முதல் 15 கிலோ நைட்ரஜன் வயலை விட்டு லொறியில் ஏறிப் போகிறது. அதை எங்கே இருந்தோ எடுக்கத்தான் வேணும்.

வளைகோட்டின் வலப்பக்கம்

இவ்வளவு வாசிச்சிட்டு "அப்ப யூரியா கொட்டுறதுதான் சரி" எண்டு நினைச்சா, யாழ்ப்பாணக் கிணறுகளைப் பாருங்கோ. வலிகாமத்தின் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். தண்ணீர் வடிகட்டாமல் இறங்கும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் தேவைக்கு மேல் போட்ட நைட்ரஜன், நைத்திரேற்றாக மாறி நிலத்தடித் தண்ணீரில் சேர்ந்தது. குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார அமைப்பு சொல்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்தில் பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதை 1980களில் இருந்தே ஆய்வுகள் காட்டி வருகின்றன. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் ஏற்றும் திறனை இழக்கலாம்.

மிஞ்சின நைட்ரஜனில் இன்னொரு பங்கு நைட்ரஸ் ஒட்சைட்டாகக் காற்றுக்குப் போகும். நூறு வருசக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 270 மடங்கு சூடாக்கும். வளைகோடு தட்டையான பிறகு போடுகிற ஒவ்வொரு கிலோவும் பொத்திக்குப் போகாது. கிணற்றுக்கும் வானத்துக்கும்தான் போகும். பசளை மிக மலிவாகவோ சும்மாவோ கிடைக்கிற காலத்தில் கூடப் போடுகிற பழக்கம் வருவது இதனால்தான். அதனால் "குறைக்க வேணும்" எண்டு சொன்னவை சொன்ன பிரச்சினை உண்மையானது. பிழை, 200 கிலோ போட்டவரையும் 60 கிலோ போட்டவரையும் ஒரே நாளில் பூச்சியத்துக்கு இழுத்தது.

நாலு வரிசையும் ஒரு தராசும்

என்ர தொழிலுக்கு முதலில் தோன்றுவது சட்டலைட். சென்டினல்-2 படங்கள் சும்மா கிடைக்குது, ஐந்து நாளுக்கு ஒருக்கா, லண்டனில இருந்தே வவுனியாவைப் பார்க்கலாம். ஆனால் சோளனுக்கு நைட்ரஜன் அவசரமாகத் தேவைப்படுகிற நவம்பர், டிசம்பரில் வன்னிக்கு மேலே மழை முகில். படம் முழுக்க வெள்ளை. முகில் இல்லாத நாளிலும் ஒரு புள்ளி 10 மீற்றர்.

மாமா செய்கிறது இதைவிட நல்ல டிசைன். ஒவ்வொரு போகமும் நாலு வரிசைக்கு யூரியா போடாமல் விடுவார். பக்கத்தில் நாலு வரிசைக்குத் தாராளமாகப் போடுவார். மிச்ச வயலுக்கு வழமையான அளவு. ஒன்றும் போடாத வரிசை, மண் தானாக எவ்வளவு கொடுக்கிறது என்று சொல்லும். தாராளமாகப் போட்ட வரிசைக்கும் வழமையான வயலுக்கும் பச்சையில் வித்தியாசம் தெரியாட்டி, அவர் ஏற்கெனவே போதுமான அளவு போடுறார், கொஞ்சம் குறைச்சுப் பார்க்கலாம். கீழ் இலை மஞ்சளாகிற வித்தியாசம் ஆறு இலைக்குப் பிறகு தெரிந்தால், இரண்டாம் முறை போட இன்னும் நேரம் இருக்கு. அறுவடையில் தராசு மிச்சத்தைச் சொல்லும்.

நான் சேர்த்தது ஃபிஷரின் இரண்டு விதி மட்டும்: அந்த வரிசைகளை வரம்போரத்தில் அல்லது மர நிழலில் மட்டும் வைக்காமல் வயலில் மூன்று இடத்தில் வையுங்கோ, எந்த இடம் எண்டதைக் குலுக்கிப் போட்டு எடுங்கோ. நிறைகளை வட்ஸ்அப்பில் அனுப்புவார், நான் ஒரு ஷீட்டில் போடுவேன். அவ்வளவுதான் டெக்னோலஜி. இதுவும் சும்மா வாறதில்லை: போடாமல் விட்ட வரிசைகளில் விளைச்சல் குறையும். ஊரில் தோட்டமோ வயலோ செய்கிற சொந்தக்காரர் உங்களுக்கும் இருந்தால், அந்தச் சின்ன நட்டத்தை நீங்கள் இஞ்ச இருந்து ஏற்றுக்கொள்ளலாம். பத்துச் செடி வரிசையின் விலை, ஒரு வெள்ளிக்கிழமை டேக்எவேயைவிடக் குறைவு.

அடுத்த முறை ஒரு கலியாண வீட்டில ஆரும் "எல்லாம் ஓர்கானிக் ஆக்க வேணும்" எண்டோ "மருந்தும் உரமும் இல்லாட்டி பட்டினி" எண்டோ தொடங்கினா, சண்டை பிடிக்காதேங்கோ. ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்கோ: எத்தனை கிலோ? எந்த வாரம்?